பைலட் ஏறினால் கேப்டனின் பொறுப்பு இறங்கிவிடுமா?

மெரிபேங்க் தம்பி | 3 மார்ச், இரவு 8.15
வகுப்பில் ஒரு தகராறு, தீர்த்து வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குள் வரும் கப்பலில், வழிகாட்டி ஓட்டிக் கொண்டுவரும் உள்ளூர் பைலட் ஏறினாலும் அவர் வெறும் ஆலோசகர்தான், கேப்டன் நினைத்தால் எந்த நேரமும் ஓரம் கட்டிவிட்டுத் தானே ஓட்டலாம் என்கிறான் பக்கத்து பெஞ்சுக்காரன். நான் நேர் எதிர்: பைலட் காலை வைத்ததும் கப்பல் துறைமுகத்தின் கைக்குப் போய்விட்டது, ஜெட்டியில் இடித்தால் துறைமுகம்தான் பணம் கட்டணும். பந்தயம் ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது). இன்னொரு கேள்வியும் உண்டு: டர்பனிலிருந்து கேப்டவுன் வரை கரையை ஒட்டியே போகிற கப்பலுக்கு வழியில் பைலட் வேணுமா?

கயிற்றேணி | 3 மார்ச், இரவு 9.40
ரெண்டு பேரும் தோற்றீர்கள். பன்னியை இந்தப் பக்கம் தள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டு தேசியத் துறைமுகச் சட்டம், எண் 12. அதில் 75ஆம் பிரிவை எடுத்துப் படி. பைலட்டின் வேலை துறைமுகத்துக்குள் கப்பலைச் செலுத்துவது, அதன் நகர்வை இயக்குவது, கூட வரும் டக்குகள் (இழுவைப் படகுகள்) எப்படி நகர வேண்டும் என்று தீர்மானித்துக் கட்டுப்படுத்துவது. வேலையைச் சொல்லும் அந்த வரியில் ஆலோசனை என்ற பேச்சே இல்லை. ஆக உன் நண்பன் அவுட்.

அதே பிரிவில் கொஞ்சம் கீழே வா. கப்பலின் தலைமை எப்போதும் கேப்டனிடமே இருக்கிறது என்கிறது. ஆனால் பைலட் செலுத்திக்கொண்டிருக்கும்போது கேப்டனோ அவருடைய ஆட்களோ குறுக்கிடக் கூடாது. அவசர ஆபத்து வந்தால் மட்டும், கப்பலையும் சரக்கையும் ஆட்களையும் காப்பாற்றத் தேவையானதை கேப்டன் செய்யலாம். செய்தால் உடனே பைலட்டிடம் சொல்லணும். நிலைமை சரியானதும் வேலையைத் திரும்ப அவர் கையிலேயே கொடுக்கணும்.

பணம் யார் கட்டுவது என்பது அடுத்த பிரிவு. தூக்கம் வருகிறது, நாளைக்கு.

கயிற்றேணி | 4 மார்ச், காலை 6.05
நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. டக் எத்தனை என்பதை பைலட் தனியாக முடிவு செய்வதில்லை, கேப்டனின் இசைவோடு செய்கிறார். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் ஹார்பர் மாஸ்டர் சொல்வதே முடிவு. இது வெறும் காகித விஷயம் என்று நினைக்காதே. டக்குக்குக் காசு கப்பல் தரப்பு தருகிறது, அதனால் 'ரெண்டு போதுமே' என்ற பேச்சு வரத்தான் செய்யும். தென்மேற்குக் காற்று வீசும் நாளில், பெட்டி உயரமாக அடுக்கிய கப்பலின் பக்கவாட்டு முழுதும் பாய்மரம் மாதிரி. அப்போது மூன்றாவது டக் ஆடம்பரம் ஆகாது.

கேப்டன் தரப்புக் கடமையும் அங்கேயே இருக்கிறது: அதிகாரிகளும் சிப்பந்திகளும் அவரவர் இடத்தில் நிற்கணும், கண்காணிப்பு ஒழுங்காக நடக்கணும், பைலட்டுக்கு வேண்டிய உதவி கிடைக்கணும். பைலட் வந்துவிட்டார் என்று கேப்டன் காபி குடிக்கக் கீழே போனால் சட்டத்தை மீறியே போகிறார்.

கிளேர்வுட் அக்கா | 4 மார்ச், மதியம் 1.20
பணத்தை நான் சொல்கிறேன், அது வக்கீலான என் பக்கத்து வேலை. 76ஆம் பிரிவு ரெண்டே வாக்கியம்தான், ரெண்டும் கனம்.

முதல் வாக்கியம்: பைலட் தன் கடமையை நல்லெண்ணத்தோடு செய்கையில் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்த சேதத்துக்கு பைலட்டும் பொறுப்பில்லை, துறைமுக ஆணையமும் பொறுப்பில்லை. இரண்டாவது: பைலட்டுக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும், கப்பல் அவர் கையில் இருக்கும் நேரத்தில் அவர் கப்பல் உரிமையாளரின் அல்லது கேப்டனின் பணியாள் என்றே சட்டம் பாவிக்கும். அவர் செயலுக்கு உரிமையாளரே பதில் சொல்லணும்.

ஆக தம்பி, நீ சொன்ன 'துறைமுகம் பணம் கட்டும்' அடிபட்டுப் போச்சு. ஜெட்டி உடைந்தால் துறைமுகம் கப்பலிடம் கேட்கும். கப்பல் தன் காப்பீட்டு சங்கத்திடம் போகும்.

மெரிபேங்க் தம்பி | 4 மார்ச், மதியம் 2.02
அக்கா, இது என்ன நியாயம்? ஸ்டீரிங் ஒருத்தர் கையில், அபராதம் இன்னொருத்தர் தலையிலா?

கயிற்றேணி | 4 மார்ச், மாலை 5.30
வாடகைக் காருக்கு டிரைவரையும் அவர்களே அனுப்பி, இடித்தால் நீ கட்டு என்பது மாதிரிதான். ஆனால் இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை தம்பி.

முன்பு பிரிட்டிஷ் சட்டம் தலைகீழாக இருந்தது. கட்டாய பைலட் இருந்தால் கப்பல் உரிமையாளர் தப்பித்துக்கொள்ளலாம். பைலட்டிடம் சொத்து ஏது? சேதப்பட்டவன் கையில் ஒன்றும் வராது. 1910 பிரசல்ஸ் மோதல் உடன்படிக்கை 5ஆம் விதியில் அந்தக் கதவை அடைத்தது: கட்டாய பைலட்டின் தவறால் மோதினாலும் கப்பல்தான் பொறுப்பு. பிரிட்டனே 1913இல் சட்டம் போட்டு, 1918 ஜனவரி 1 முதல் அந்தத் தற்காப்பை ஒழித்தது. காரணம் எளிமையானது. காப்பீடு எடுத்து வைத்திருப்பது கப்பல், அதனால் பணம் கேட்கப் போகும் இடமும் கப்பல்.

பெரிய விதிவிலக்கு பனாமா கால்வாய். அங்கே கப்பலைச் செலுத்தும் முழுக் கட்டுப்பாடும் பைலட்டிடம், அவர் தவறால் வந்த சேதத்துக்குக் கால்வாய் தரப்பு பொறுப்பேற்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதிகாரமும் கடனும் ஒரே கையில் இருக்கும் இடம் அது.

நம்ம ஊர் நடுவில் நிற்கிறது. அதிகாரத்தை வேறு நாடுகளைவிடத் தெளிவாக பைலட்டிடம் கொடுத்திருக்கிறது, பொறுப்பைப் பழையபடி கப்பலிடமே வைத்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் வக்கீல்கள் வீடு கட்டுகிறார்கள். அக்கா கோவிக்க வேண்டாம்.

கிளேர்வுட் அக்கா | 4 மார்ச், இரவு 7.48
கட்டியது வீடு இல்லை, ஒரு ரூம்தான்.

'நல்லெண்ணம்' என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. சாதாரணக் கவனக்குறைவு நல்லெண்ணத்தைக் கெடுக்காது. மிகக் கடுமையான கவனக்குறைவு என்றால்? பழைய சட்டத்தின் கீழ் வந்த ஸ்டெல்லா டிங்காஸ் என்ற கப்பலின் வழக்கில், 2003இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கடும் கவனக்குறைவுக்கு ஓர் அளவுகோல் கொடுத்தது. நியாயமான ஆள் நடக்கும் விதத்திலிருந்து 'அதீதம்' என்று சொல்லத்தக்க அளவு விலகியிருக்கணும். வெறும் பெரிய தப்பு போதாது. கப்பல் வழக்கில் மட்டுமல்ல, வேறு ஒப்பந்த வழக்குகளிலும் இன்றுவரை இந்த அளவுகோலைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். டர்பன் துறைமுகத்துக்குள் நடந்த ஒரு மோதல் நாட்டின் சட்டத்துக்கே ஒரு வரையறை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

கயிற்றேணி | 6 மார்ச், இரவு 10.10
தம்பியின் இரண்டாம் கேள்வி: டர்பன் முதல் கேப்டவுன் வரை. வேண்டாம். ரிச்சர்ட்ஸ் பே, டர்பன், ஈஸ்ட் லண்டன், கேப்டவுன் என்று துறைமுக வாசல்தோறும் பைலட் கட்டாயம். நடுவே திறந்த கடலில் கட்டாயம் இல்லை. அங்கே இருப்பது அகுலாஸ் நீரோட்டமும், அதற்கு எதிரே தென்மேற்கிலிருந்து வரும் அலையும். பைலட் ஏறி அதை ஒன்றும் செய்ய முடியாது, தள்ளிப் போவதுதான் வழி.

கரையோரத்துக்கே பைலட் கட்டாயம் என்ற ஏற்பாட்டைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போகணும். கிரேட் பேரியர் பவளத்திட்டின் உள்வழி, கேர்ன்ஸுக்கு வடக்கே, 1991 முதல் கட்டாயம். டாரஸ் நீரிணை 2006 முதல். 70 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல், அல்லது எந்த நீளமானாலும் எண்ணெயோ ரசாயனமோ திரவ எரிவாயுவோ ஏற்றிய கப்பல். அங்கே உரிமம் ஊருக்கு இல்லை, தடத்துக்கு. உள்வழிக்கு ஒன்று, அதே திட்டில் உள்ள ஹைட்ரோகிராஃபர்ஸ் பாசேஜ் என்ற இன்னொரு வழிக்கு ஒன்று. ஒன்றில் தேறியவர் மற்றதில் ஓட்ட முடியாது.

டாரஸில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு, அக்காவுக்குப் பிடிக்கும். அது பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்துக்கான நீரிணை. கடந்து போகிறவனைக் கட்டாயப்படுத்த முடியுமா என்று அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஆட்சேபித்தன. ஆஸ்திரேலியா கண்டுபிடித்த வழி: பைலட் இல்லாமல் போகிற கப்பலை நீரிணையில் நிறுத்தாது. பின்னொரு நாள் அந்தக் கப்பல் ஆஸ்திரேலியத் துறைமுகத்துக்கு வந்தால் அங்கே வழக்கு. கடன்காரனை நடுத்தெருவில் பிடிக்காமல் கல்யாண வீட்டில் பிடிக்கிற மாதிரி.

போர்ட் லூயிஸ்காரன் | 7 மார்ச், காலை 9.00
கட்டாயம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று மொரிஷியஸ்காரர்களான எங்களைக் கேளுங்கள். வகாஷியோ என்ற சரக்குக் கப்பல், 2020 ஜூலை 25, பாயிண்ட் தெஸ்னி. போர்ட் லூயிஸில் பைலட் உண்டு. ஆனால் வகாஷியோ எங்கள் துறைமுகத்துக்கே வரவில்லை, கடந்து போனது. முதலில் 22 கடல்மைல் தள்ளிப் போவதாகப் போட்ட தடத்தை 5 கடல்மைலாக மாற்றினார்கள். கைபேசி சிக்னல் வேணுமாம். அந்தக் கரைக்கான பெரிய அளவு வரைபடமும் கப்பலில் இல்லை. சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது.

கயிற்றேணி | 7 மார்ச், இரவு 8.25
சரியான உதாரணம். கூடவே ஷென் நெங் 1ஐயும் வையுங்கள்: 2010 ஏப்ரல் 3, ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டனில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிளம்பி டக்ளஸ் திட்டில் ஏறியது. கிளாட்ஸ்டன் பைலட் இறங்கியாகிவிட்டது, அந்த நீட்டில் கரையோர பைலட் கட்டாயம் இல்லை. பொறுப்பில் இருந்த முதல் அதிகாரி அதற்கு முந்தைய 38.5 மணி நேரத்தில் தூங்கியது 2.5 மணி நேரம்.

ஆனால் பைலட்டைப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எழுத மாட்டேன். உள்வழியில் ஒரே பைலட் ஒரு நாளுக்கு மேல் கப்பலிலேயே கிடக்கணும். அந்தக் கரையோர பைலட் முறையை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கையும் பைலட்டின் அயர்ச்சியை ஒரு பெரிய குறையாகக் காட்டியது. தூங்காத அதிகாரிக்குப் பதில் தூங்காத பைலட்டை நிறுத்துவதில் லாபம் இல்லை.

மெரிபேங்க் தம்பி | 9 மார்ச், மாலை 4.44
சரி, பைலட் ஆக என்ன வேணும்? உரிமம் யார் தருவது?

கயிற்றேணி | 9 மார்ச், இரவு 9.15
இங்கே உரிமம் தருவது தேசியத் துறைமுக ஆணையம். கடல் அதிகாரிச் சான்று தருவது சாம்சா, அதாவது தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம். ரெண்டையும் குழப்பாதே. சாம்சா சான்று உன்னைக் கப்பல் அதிகாரி ஆக்கும். துறைமுக உரிமம் அந்த ஒரு துறைமுகத்துக்கு பைலட் ஆக்கும். டர்பன் உரிமத்தை வைத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் பேயில் போய் நிற்க முடியாது. தொடக்கத்தில் சின்னக் கப்பல், பிறகு படிப்படியாகப் பெரிது.

உலக அளவுகோல் 2003இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற ஏ.960 தீர்மானம். கட்டளை இல்லை, பரிந்துரை. ஆனால் எல்லா நாட்டு விதியும் அதைப் பார்த்தே எழுதியிருக்கும். அதிலிருந்து நாலு விஷயம் மனதில் வை. ஒன்று, ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் பைலட்டின் உள்ளூர் அறிவையும் உடல் தகுதியையும் சட்ட அறிவையும் மறுபடி சோதிக்கணும். ரெண்டு, ஓய்வெடுத்துத் தெளிந்த நிலையில்தான் வேலைக்கு வரணும். மூணு, கப்பல் வெளிப்படையாக ஆபத்தான நிலையில் இருந்தால் பைலட் சேவையை மறுக்கலாம். நாலாவது மொழி, அதைத் தனியாக எழுதுகிறேன்.

உடல் தகுதி என்றதும் கண்ணாடி நம்பர் என்று நினைப்பவர்களுக்கு: காஸ்கோ பூசான் என்ற கப்பல், 2007 நவம்பர் 7, சான் பிரான்சிஸ்கோ. மூடுபனியில் கிளம்பிப் பாலத்தின் தூணில் உரசியது, சுமார் இரண்டு லட்சம் லிட்டர் எரிஎண்ணெய் கடலில். விசாரணையில் முதலில் வந்தது பைலட் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரைகள் அவருடைய நிதானத்தைக் குறைத்தது. அடுத்தது, கிளம்புமுன் கேப்டனும் பைலட்டும் ஒழுங்காக உட்கார்ந்து பேசாதது. மின்னணு வரைபடத்தில் இருந்த சிவப்பு முக்கோணங்கள் என்ன என்று நடுவழியில் கேட்கிறார் பைலட். தூணைக் குறிக்கும் மிதவைகள் அவை. பைலட்டுக்குப் பத்து மாதச் சிறை.

கயிற்றேணி | 10 மார்ச், காலை 5.50
மொழி. பைலட் டக்கிடம் இசிஸூலுவில் பேசுகிறார், கேப்டன் சீனர், சுக்கான் பிடிப்பவர் பிலிப்பினோ. டக் பின்பக்கம் இழுக்கப்போகிறதா முன்பக்கம் தள்ளப்போகிறதா என்று பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் மேல்தள அறையில்) யாருக்கும் தெரியாது. ஏ.960 சொல்வது: பிரிட்ஜுக்குப் புரியாத மொழியில் வெளியே பேசினால், கூடிய சீக்கிரம் என்ன பேசினேன் என்று பைலட் விளக்கணும். சண்டை பிடிக்கிற மாதிரிக் கேட்கும் பேச்சு பெரும்பாலும் 'சாப்பிட்டாச்சா'தான். ஆனாலும் சொல்லணும்.

கிளேர்வுட் அக்கா | 10 மார்ச், காலை 8.30
பெயரைக் கயிற்றேணி என்று வைத்துவிட்டு, பைலட் படகிலிருந்து கப்பலில் ஏறும் ஏணியைப் பற்றி ஒரு வரி இல்லையே?

கயிற்றேணி | 10 மார்ச், இரவு 9.55
கேட்டுவிட்டீர்கள், இனி நிறுத்த முடியாது.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, 5ஆம் அத்தியாயம் 23ஆம் விதி, கூடவே ஏ.1045 தீர்மானம். பக்கக் கயிறு ஒவ்வொரு பக்கமும் இரண்டு, தடிமன் 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. படிக்கும் படிக்கும் இடையே 310 முதல் 350 மில்லிமீட்டர், எல்லாம் ஒரே சீராக. கயிறுகளுக்கு நடுவே கால் வைக்க 400 மில்லிமீட்டராவது. அடியில் உள்ள நாலு படி ரப்பராக இருக்கலாம், ஐந்தாவது படி நீளப்பலகை: 1.8 மீட்டர், ஏணி முறுக்கிக்கொள்ளாமல் தடுக்க. அதன் பிறகு ஒன்பது படிக்கு மிகாத இடைவெளியில் இன்னொன்று. மேலே பிடித்துக்கொள்ளும் கம்பிகள் 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலத்தில், 1.2 மீட்டர் உயரம். பக்கத்தில் தானே எரியும் விளக்கோடு மிதவை வளையம், வீசுகயிறு. ஒரு பொறுப்பான அதிகாரி, கையில் பிரிட்ஜோடு பேசும் ரேடியோ.

ஏணி நீளம் 9 மீட்டரைத் தாண்டினால் மாடிப்படி மாதிரியான கேங்வேயையும் சேர்த்துக் கட்டணும்.

இனி தப்பு நடக்கும் இடங்கள். ஏணியைப் பாதி சுருட்டி நடுவில் நிறுத்தும்போது படியை டெக் கம்பியில் மாட்டியோ, ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தைக் கயிற்றில் நுழைத்து நீளப்பலகைக்கு முட்டுக் கொடுத்தோ தொங்கவிடுவார்கள். ஆளின் எடை முழுதும் படியைக் கயிற்றில் பிடித்து நிறுத்தும் ஆப்பில் விழும், கயிற்றில் விழாது. ஆப்பு நழுவினால் படி கையோடு வரும். சரியான முறை: பக்கக் கயிறு ரெண்டிலும் தனிக் கயிற்றால் உருள்முடிச்சுப் போட்டு டெக்கின் வலுவான வளையத்தில் கட்டுவது. எடை கயிற்றிலிருந்து கயிற்றுக்கே போகும்.

இரண்டாவது, ஏணியை மேலே இழுக்கும் கயிறு. அதைக் கடைசிப் படியில் கட்டி வளையமாகத் தொங்கவிட்டால் பைலட் படகின் கம்பியில் மாட்டும். படகு அலையில் இறங்கும், ஏணி கூடவே இறங்கும், ஏணியில் ஒரு மனிதர். கட்டுவதானால் அடியிலுள்ள நீளப்பலகையிலோ அதற்கு மேலோ, முனை கப்பலின் முன்பக்கம் நோக்கி.

மூன்றாவது, புது வெள்ளைப் பெயிண்ட். படியில் பெயிண்ட் அடித்தால் விரிசல் தெரியாது, வழுக்கும். பார்க்க அழகாக இருக்கும் ஏணியில் ஏறுமுன் இரண்டு தடவை பார்.

கயிற்றேணி | 11 மார்ச், காலை 6.20
திருத்தம். நேற்று '9 மீட்டர்' என்பதை ஏணி நீளம் என்று எழுதிவிட்டேன். ஏணி நீளம் அல்ல, நீர்மட்டத்திலிருந்து கப்பலில் நுழையும் இடம் வரை உள்ள உயரம். இது முக்கியம், ஏனென்றால் அது மாறும். அதே கப்பல் நிலக்கரி நிறைய ஏற்றியபோது 6 மீட்டர், வெறுமையாக வரும்போது 13 மீட்டர். போன தடவை ஏணி மட்டும் போதுமாயிருந்தது என்று இந்தத் தடவையும் அதையே தொங்கவிட்டால் விதிமீறல்.

கேங்வே சேர்த்தால்: சாய்வு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது, அடித்தட்டு கடலிலிருந்து 5 மீட்டராவது உயரத்தில், கயிற்றேணி தட்டுக்கு மேல் 2 மீட்டர் நீளணும், தட்டுக்கு 1.5 மீட்டர் மேலே கப்பல் பக்கத்தோடு இறுக்கணும். இறுக்காவிட்டால் கால் மாற்றும் அந்த நொடியில் ஏணி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம்.

இந்த விதியெல்லாம் இன்னும் இறுகப்போகிறது. 2025இல் ஏற்ற திருத்தம் 2028 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வருகிறது.

மெரிபேங்க் தம்பி | 11 மார்ச், மதியம் 12.30
டர்பனில் ஹெலிகாப்டர் இருக்கே, ஏணி எதுக்கு?

கயிற்றேணி | 11 மார்ச், இரவு 7.05
1995 முதல் இருக்கிறது. ஒரு பைலட் இன்னொரு பைலட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார், பெயர்க் குழப்பத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஹெலிகாப்டர் பழுதானாலோ மேகம் தாழ்ந்தாலோ படகும் ஏணியும்தான். அதனால் கப்பல் ரெண்டுக்கும் தயாராக வரணும்.

டெக்கில் நிற்பவருக்கு நாலே பாடம்: அவிழ்ந்து கிடக்கும் தார்ப்பாய், காகிதம், தொப்பி எதுவும் கூடாது. தீயணைப்புக் குழாயில் நீர் ஏறியிருக்கணும். கீழே வரும் கொக்கி முதலில் டெக்கைத் தொட்டு நிலைமின்சாரத்தை இறக்கட்டும், அதுவரை கை வைக்காதே. அந்தக் கொக்கியைக் கப்பலின் எந்த உறுப்போடும் மாட்டாதே, ஒரு நொடிகூட.

போர்ட் லூயிஸ்காரன் | 14 மார்ச், இரவு 10.40
டர்பன் வாசல் குறுகலா?

கயிற்றேணி | 15 மார்ச், காலை 7.00
இப்போது 222 மீட்டர், 2010இல் அகலப்படுத்தியபின். அதற்கு முன் 122. நூறு மீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும், கணக்குப் போடுங்கள். 300 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம் உள்ள பெட்டிக் கப்பல். பக்கவாட்டு ஓட்டத்தையும் காற்றையும் சமாளிக்க மூக்கை 10 பாகை திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி வருகிறது. அது அடைக்கும் அகலம் நீளத்தை 10 பாகை சைனால் பெருக்கினால் 52, அகலத்தை கொசைனால் பெருக்கினால் 47, சேர்த்து 99 மீட்டர். பழைய வாசலில் இரு பக்கமும் சேர்த்து மிச்சம் 23 மீட்டர்தான். 5 பாகை திருப்பினால் போதும் என்ற நல்ல நாளில் அடைக்கும் அகலம் 74.

வேகம் இன்னொரு கயிறிழுப்பு. வெளியே ஓட்டத்தை வெல்ல வேகம் வேணும். உள்ளே வேகம் இருந்தால் கப்பல் தாழும். கை கணக்கு: தடித்த உருவக் கப்பலுக்கு உருவக் கெழு (கப்பலின் அடிப்பகுதி எவ்வளவு பெட்டி வடிவம் என்று சொல்லும் எண்) 0.8 என்று வை. திறந்த நீரில் தாழ்வு மீட்டரில், கெழுவை நாட்டில் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) சொன்ன வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் வரும். குறுகிய வாய்க்காலில் அதைப்போல் இரு மடங்கு. 10 நாட் வேகத்தில் வாய்க்காலுக்குள் 1.6 மீட்டர், 7 நாட் வேகத்தில் 0.78. மூணு நாட் குறைத்ததில் 80 சென்டிமீட்டர் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது.

வாசலில் முன்பு மணல்மேடு குறுக்கே கிடந்தது, பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு ஆட்களைப் படகில் இறக்கின. 1860இல் டிரூரோ கப்பல் இந்தியாவிலிருந்து நம்ம முன்னோரைக் கொண்டுவந்தபோதும் மேடு அங்கேதான். ஆர்மடேல் காசில் 1904இல் உள்ளே நுழைந்ததுதான் பெரிய தபால் கப்பல்களுக்கு வாசல் திறந்த நாள்.

கிளேர்வுட் அக்கா | 15 மார்ச், மாலை 6.15
ஒரு எச்சரிக்கை. பைலட் இறங்கியபின் நடப்பதை 76ஆம் பிரிவில் தேடாதீர்கள். 2017 அக்டோபர் 10 புயலில் எம்எஸ்சி இனெஸ் என்ற கப்பல் கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வாசல் கால்வாயிலேயே தரைதட்டியது. அது பைலட் செலுத்திய பயணம் இல்லை, கட்டி நின்ற கப்பல். அங்கே கேள்வி கட்டுக்கயிறு, கயிறு மாட்டும் துறைமுகப் பொல்லார்டு, காற்று எச்சரிக்கை. வேறு சட்டம், வேறு சண்டை.

மெரிபேங்க் தம்பி | 17 மார்ச், இரவு 9.30
பன்னியைப் பாதிப்பாதி பிரித்துவிட்டோம். கடைசியாக ஒன்று. நிறைய லாக் புத்தகத்தில் (கப்பலின் நாட்குறிப்பில்) 'கேப்டன் உத்தரவு, பைலட் ஆலோசனை' என்று எழுதுகிறார்கள். டர்பனிலும் எழுதலாமா?

கயிற்றேணி | 17 மார்ச், இரவு 11.10
எழுதுகிறார்கள், உலகம் முழுக்கப் பழகிய வாசகம். 75ஆம் பிரிவு இருக்கும் ஊரில் அது நடந்ததை நடந்தபடி சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தால் நேரத்தை எழுதச் சொல்வேன். பைலட் டெக்கில் கால் வைத்தது 06.12. பிரிட்ஜுக்கு வந்தது 06.17. கேப்டனோடு தகவல் அட்டையைப் பார்த்துப் பேசியது, அதாவது டிராஃப்ட் (நீருக்குள் இருக்கும் ஆழம்), மிக மெதுவான வேகத்தில் எத்தனை நாட், பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் வேலை செய்கிறதா, நங்கூரம் தயாரா, கைரோ திசைகாட்டியின் பிழை எவ்வளவு, எல்லாம் 06.17 முதல் 06.21. 'கப்பலை எடுத்துக்கொண்டேன்' என்று பைலட் வாய்விட்டுச் சொன்னது 06.21.

பெரும்பாலான லாக்கில் முதல் நேரம் மட்டும்தான் இருக்கும். 06.12க்கும் 06.21க்கும் நடுவே ஒன்பது நிமிஷம், 8 நாட் வேகத்தில் 1.2 கடல்மைல். அந்த ஒன்பது நிமிஷம் யார் கையில் கப்பல்?

கிளேர்வுட் அக்கா | 18 மார்ச், காலை 8.05
கேப்டன் கையில். எழுதியிருந்தால்.